முதல் அடி யாருடையது?



நமது சங்க இதழில் மத விஷயங்களை யாரும் அதிகம் எழுதுவதில்லை. சங்கம் எல்லோருக்கும் பொது, எதற்கு வீண் வம்பு என்ற நல்லெண்ணமே காரணம். ஆனாலும் இம்முறை அந்த வரம்பைச் சற்றே தாண்டி எழுதத் துணிகிறேன். கிறிஸ்தவ சபைகளுக்குள் மனம் புண்பட்டு, வெளியே சொல்லவும் முடியாமல், உள்ளே இருக்கவும் முடியாமல் தவிக்கும் தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. ரிச்சர்ட்ஸ் டவுனில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன், நானும் ஒரு கிறிஸ்தவன் என்ற முறையில் இதை நான் எழுதுவது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் வீட்டுக் குப்பையை நாம்தானே கூட்ட வேண்டும்!

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் சபையால் புண்பட்டுவிட்டார் என்று தெரிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? நேராக அவர் வீட்டுக்குத்தான் போகிறோம். "நடந்தது நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள், ஆண்டவருக்காகக் கோயிலுக்கு வாருங்கள்" என்கிறோம். புண்படுத்தியவர் வீட்டுக்கு ஒருவரும் போவதில்லை. இந்த வழக்கம் தலைகீழானது. சமாதானத்துக்கான முதல் அடியைக் காயப்படுத்தியவர்தான் வைக்க வேண்டும்; காயப்பட்டவரிடம் அதைக் கேட்பது நியாயமும் அன்று, வேதமும் அன்று. இதுவே இக்கட்டுரையின் சாரம்.

எப்படிப்பட்ட காயம்?

எங்கோ நடந்த பெரிய கொடுமைகளை மட்டும் நான் சொல்லவில்லை. சபைச் சந்தா பாக்கி இருக்கிறது என்று காரணம் காட்டி, அப்பாவின் அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரத் தாமதம் செய்த கதையை ஒரு மகன் சொல்லக் கேட்டிருக்கிறேன். மகள் வேறு மதத்துப் பையனை மணந்துகொண்டாள் என்பதற்காகப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேச்சுத் துணையை இழந்த ஒரு தாயை அறிவேன். திருமண ஓலை வாசிக்கும் முன்பு ஊர் எது, உறவு எது என்று விசாரிக்கும் சாக்கில் சாதியைத் துருவியதும் உண்டு. கமிட்டித் தேர்தலில் எதிரணியில் நின்றார் என்பதற்காக, 20 ஆண்டுகளாகப் பாடகர் குழுவில் பாடியவரை ஒரே வாரத்தில் ஓரங்கட்டியதும் உண்டு. இவை வெவ்வேறு சபைகளில் நடந்தவை. பெயர் சொல்வது என் நோக்கமன்று.

"இதெல்லாம் எல்லா இடத்திலும் நடப்பதுதானே, ஆபீசில் நடக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆபீசில் மேலதிகாரி ஏசினால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறோம். மனம் தாங்காவிட்டால் கோயிலுக்குப் போய் அழுகிறோம். கோயிலே அடித்துவிட்டால் எங்கே போய் அழுவது? தாய் அடித்தாலும் பிள்ளை தாயின் மடிக்குத்தான் ஓடும் என்பார்கள். அந்த மடியும் இல்லை என்றாகும்போது வரும் வேதனை தனி ரகம்.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது இன்னும் கூடுதல். 1809-இல் இங்கு தண்டு அமைந்தபோது மதராஸ் படையோடு தமிழர்கள் வந்தார்கள். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்த பிறகு வேலை தேடி மேலும் பலர் வந்தார்கள். ஊரில் இருக்கும் சித்தப்பா, பெரியப்பா, மாமன், மச்சான் எல்லோருக்கும் ஈடாக இந்தப் புது ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது கோயிலும் சபையும்தான். வாடகை வீடு பார்த்துக் கொடுத்தது சபை. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தது சபை. பெண்ணுக்கு வரன் சொன்னது சபை. செத்தால் தூக்க நாலு பேரைத் தந்ததும் சபை. ஆகவே, சபையில் ஒருவர் ஒதுக்கப்பட்டால் அவர் இழப்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை மட்டுமல்ல. ஒரு ஊரையே இழக்கிறார். இதனால்தான் பலர் வாய் திறப்பதில்லை.

வடக்கன்குளமும் எறையூரும்

தமிழ்க் கிறிஸ்தவத்தில் இந்தக் காயம் புதிதன்று. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர் இருக்கிறது. 1745-இல் தேவசகாயம் அங்குதான் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோயில் இரண்டு நீண்ட மண்டபங்கள் பீடத்தில் வந்து சேரும்படி அமைந்தது. ஒன்றில் ஒரு சாதியார், மற்றொன்றில் மற்றவர்கள், நடுவே சுவர். ஒரே பூசை, ஒரே குரு. ஆனால் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 'காற்சட்டைக் கோயில்' என்றே அதற்குப் பெயர் வந்தது. 1910-இல் கௌசானல் என்ற இயேசு சபைக் குரு அந்தத் தடுப்பை அகற்றினார். அதைத் தாங்க முடியாமல் ஒரு தரப்பார் வழக்குப் போட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள். அவர்கள் கேட்ட பிரிவினை உரிமையை நீதிமன்றம் தரவில்லை. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார்.

செங்கல் சுவர் போயிற்று. மனச்சுவர்? 2008 மார்ச் 9-ஆம் தேதி, அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தில் எறையூர் என்ற கிராமத்தில் கத்தோலிக்கர்களுக்கிடையே மோதல் வெடித்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் கோயிலில் தனி இடம், தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தனி வழி என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டு வந்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்களுக்குத் தனிப் பங்காவது கொடுங்கள் என்று கேட்டார்கள். அன்றைய கலவரத்தில் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் மாண்டார்கள். மாண்டவர்கள் எதிர்த் தரப்பைச் சேர்ந்தவர்கள். ஆறாத காயத்தை மூடி வைத்தால் சீழ் இரு பக்கமும் பரவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மேலிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்றும் கூற முடியாது. 2003 நவம்பரில் ரோமுக்குச் சென்ற தமிழ்நாட்டு ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. தேவசகாயத்துக்கு 2022 மே 15-ஆம் தேதி புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, பலர் எழுப்பிய ஆட்சேபத்துக்குச் செவிசாய்த்து, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை நீக்கினார்கள். குறை சொன்னால் கேட்கவே மாட்டார்கள் என்பதில்லை. ஆனால் சொல்ல ஆள் வேண்டும். சொன்னவரைத் துரோகி என்று ஒதுக்காமல் இருக்கவும் வேண்டும்.

ஒரு கன்னியாஸ்திரியின் கதை

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் எழுத்தாளர் பாமா. தென் தமிழ்நாட்டில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1958-இல் பிறந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம் என்ற ஆசையில் ஆசிரியை வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மடத்தில் அவர் கண்டது வசதியானவர்களுக்கான பள்ளிகளையும், சாதி பார்க்கும் கண்களையும். 7 ஆண்டுகளுக்குப் பிறகு, 1992-இல் மடத்தை விட்டு வெளியே வந்தார். கையில் வேலை இல்லை, பணம் இல்லை. ஊருக்கு வந்து, தன் சிறு வயது முதல் பட்டதையெல்லாம் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். அதுதான் 'கருக்கு'. பனைமட்டையின் இரு ஓரத்திலும் ரம்பம் போல இருக்குமே, அதற்குத்தான் கருக்கு என்று பெயர். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-இல் வந்து, இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அது பாடமாக இருக்கிறது.

பாமாவின் வாழ்க்கையில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எழுதியதுதான் அவருக்கு மருந்தாக இருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னதும் சுமை இறங்கியது. இரண்டாவது, அந்த நூலை 1992-இல் வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினரோடு தொடர்புடைய ஓர் ஆய்வு மையம். ஒரு மடத்தில் புண்பட்டவர் பேசுவதற்கு அதே திருச்சபையின் வேறொரு மூலையில் இடம் கிடைத்தது. சபை என்பது ஒரே பாறை அல்ல. அதில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள், கட்டுப்போடுபவர்களும் இருக்கிறார்கள்.

நம் ஊரில் மொழிக் காயம்

பெங்களூர்த் தமிழர்கள் அறிந்த இன்னொரு காயம் மொழியால் வந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு கத்தோலிக்கக் கோயில்களில் பூசை லத்தீனில் நடந்தது. யாருக்கும் புரியாத மொழி என்பதால் யாருக்கும் சண்டையும் இல்லை! லத்தீன் போய் மக்கள் மொழி வந்தவுடன், எந்த மக்கள், எந்த மொழி என்ற கேள்வி எழுந்தது. தமிழர்கள், கன்னடர்கள், கொங்கணியர், மலையாளிகள், ஆங்கிலம் பேசுவோர் என எல்லோரும் இருக்கும் நகரம் இது.

தாத்தா காலத்திலிருந்து தமிழில் ஜெபித்து, தமிழில் பாடி வந்த கோயிலில் தமிழுக்கான நேரம் சுருங்குகிறதே என்று நம்மவர்கள் மனம் வெதும்பினார்கள். எங்கள் மாநிலத் தலைநகரிலேயே எங்கள் மொழிக்குப் பீடத்தில் உரிய இடம் இல்லையே என்று கன்னடக் கத்தோலிக்கர்களும் வெதும்பினார்கள். இரண்டு வருத்தமும் உண்மையானவை. நாம் நம் வருத்தத்தைப் பேசும்போது அவர்கள் வருத்தத்தை மறந்துவிடக் கூடாது. பல ஆண்டுகள் இது போராட்டமாகவும் கசப்பாகவும் நீடித்தது. 2013-இல் ஈஸ்டர் பண்டிகை இரவில் மல்லேஸ்வரம் பகுதியிலுள்ள புனித பேதுரு குருமடத்தின் தலைவர் கே.ஜே. தாமஸ் அடிகள் கொலை செய்யப்பட்டார். மறு ஆண்டு கைதானவர்களில் குருக்களும் இருந்தார்கள். மொழியையும் பதவியையும் ஒட்டிய பகை அப்போது பரவலாகப் பேசப்பட்டது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். அதில் நாம் தலையிடுவதற்கில்லை. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட எந்த மொழிக்காரருக்கும் கோயில் வாசலை மிதிக்கக் கால் கூசியது என்பது உண்மை.

மன்னிப்பு யார் கேட்பது?

இப்போது வேதத்துக்கு வருவோம். மலைப்பொழிவில் இயேசு ஒரு விஷயம் சொல்கிறார். நீ காணிக்கை செலுத்தப் பீடத்துக்கு வரும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டு என்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போய் ஒப்புரவாகு என்பது அதன் கருத்து. கவனியுங்கள்: யாருக்கு யார்மேல் குறை? புண்பட்டவன் வீட்டில் இருக்கிறான். புண்படுத்தியவன் பீடத்தருகே நிற்கிறான். எழுந்து போக வேண்டியவன் பீடத்தருகே நிற்பவன்தான். காணாமற்போன ஆட்டின் கதையும் அப்படியே. மீதி 99 ஆடுகளையும் விட்டுவிட்டுத் தேடிக்கொண்டு போகிறவன் மேய்ப்பன். ஆடு தானாக மந்தைக்குத் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்தக் கதையில் எங்கும் இல்லை.

மன்னித்தல் பெரிய குணம்தான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது காயப்பட்டவர் மனமுவந்து தரும் கொடை. கொடையைக் கடன் வசூல் போல வாசலில் நின்று கேட்கலாமா? "இன்னுமா மன்னிக்கவில்லை?" என்று கேட்கும்போது முதல் காயத்தின் மேல் இரண்டாவது காயத்தை உண்டாக்குகிறோம். தவறு செய்தவர் நிம்மதியாகத் தூங்குகிறார். பட்டவருக்கோ மன்னிக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது.

உளவியலாரும் இதை ஒட்டியே பேசுகிறார்கள். அமெரிக்காவில் ஜெனிபர் ஃப்ரைட் என்ற உளவியலாளர், நாம் நம்பிச் சார்ந்திருக்கும் ஒரு நிறுவனமே நம்மைக் கைவிடுவதை 'நிறுவனத் துரோகம்' என்று பெயரிட்டு ஆராய்ந்தார். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களைப் பற்றி அவரும் கார்லி ஸ்மித்தும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நிறுவனமும் கைவிட்டவர்களுக்குப் பதற்றம் முதலான மனத்துன்பங்கள் அதிகமாக இருந்தன என்று கண்டார்கள். தீங்கு ஒரு பங்கு என்றால், அதை மூடி மறைப்பது இன்னொரு பங்கு.

கனடாவில் நடந்த ஒன்று நமக்கு நல்ல பாடம். அந்நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, விடுதிப் பள்ளிகளில் வைத்து, அவர்கள் மொழியையும் வழக்கத்தையும் மறக்கடித்தார்கள். அப்பள்ளிகளில் பலவற்றை நடத்தியவை திருச்சபைகள். 1986-இல் கனடா ஐக்கிய திருச்சபை, பூர்வகுடிப் பண்பாட்டை இழிவாக நடத்தியதற்காகச் சட்பரி நகரில் அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. 1988-இல் அவர்கள் பதில் சொன்னார்கள்: மன்னிப்பைப் பெற்றுக்கொள்கிறோம் என்றார்கள், ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லவில்லை. சொன்னபடி நடக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அந்த மன்னிப்பின் நினைவாக எழுப்பிய கற்குவியலையும் முடிக்காமல் பாதியிலேயே விட்டுவைத்தார்கள். வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்பது அதன் பொருள். பின்னர் 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ், முதுமையிலும் முழங்கால் வலியிலும் சக்கர நாற்காலியில் ஆல்பர்ட்டா மாநிலத்துக்குச் சென்று, அம்மக்களின் மண்ணிலேயே மன்னிப்புக் கேட்டார்.  போக வேண்டியவர் போனார்.

ரயில்வே கற்றுத் தந்தது

டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். தண்டவாளத்தின் மேற்பரப்பு வண்டிச் சக்கரம் பட்டுப் பட்டுக் கண்ணாடி போலப் பளபளக்கும். விரிசல் உள்ளே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது; அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். விரிசல் இருப்பது தெரிந்தால் தண்டவாளத்தை யாரும் திட்டுவதில்லை. அதில் ஓடும் வண்டிக்குத்தான் வேகக் கட்டுப்பாடு போடுகிறோம். அந்த இடத்தில் பெயிண்டால் அடையாளம் இட்டு, இறுக்கிக் கட்டி, பிறகு தண்டவாளத்தை மாற்றுகிறோம். சபையிலோ விரிசல் கண்ட மனிதரைத்தான் திட்டுகிறோம். வண்டி அதே வேகத்தில் அவர் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. பெரிய ரயில் விபத்து நடந்தால் விசாரணை செய்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். 1941-லேயே இந்தப் பிரிவை ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பிரித்துவிட்டார்கள். காரணம் எளிது: வண்டி ஓட்டுகிறவனே விபத்தையும் விசாரித்தால் உண்மை வெளிவராது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே கருத்தில்தான், விசாரணைக் குழுவில் வெளியாள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது.

நம் சபைகளில் நடப்பது என்ன? போதகர் மேல் புகார் என்றால் போதகரே தலைமை தாங்கும் கமிட்டி விசாரிக்கிறது. செயலர் மேல் புகார் என்றால் செயலரே மினிட்ஸ் எழுதுகிறார். பிறகு எப்படி நம்பிக்கை வரும்?

என்ன செய்யலாம்?

சபையாருக்கு முதலில் சொல்கிறேன், ஏனெனில் முதல் அடி அவர்களுடையது. ஒவ்வொரு சபையிலும் குறை கேட்க மூன்று பேர் கொண்ட சிறு குழு இருக்கட்டும். அதில் ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் அந்தச் சபையைச் சேராத, சட்டமோ மனநலமோ அறிந்தவராகவும் இருக்கட்டும். வந்த குறையைத் தேதியிட்டு எழுதி வைத்து, 30 நாட்களுக்குள் பதில் சொல்லட்டும். தவறு நடந்திருந்தால், பொது இடத்தில் அவமதித்ததற்குப் பொது இடத்திலேயே வருத்தம் தெரிவிக்கட்டும். மேடையில் ஏசிவிட்டு அறைக்குள் மன்னிப்புக் கேட்பது கணக்குக்கு ஒவ்வாது. எக்காரணத்தைக் கொண்டும் அடக்க ஆராதனையைச் சந்தாவோடு முடிச்சுப் போட வேண்டாம். செத்தவரிடம் வசூல் செய்யும் சபை எந்த முகத்தோடு உயிர்ப்பைப் பிரசங்கிக்கும்?

குற்றம் என்று சட்டம் சொல்வதைச் சபைக்குள்ளேயே பேசித் தீர்க்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது என்று தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது, 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். போதகர், ஆசிரியர், பாட்டி, தாத்தா யாருக்கும் விலக்கில்லை.

புண்பட்டவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்களுக்கு நேர்ந்தது உண்மை. அது உங்கள் விசுவாசக் குறைவால் வந்ததன்று. நடந்ததைத் தேதி, இடம், இருந்தவர்கள் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மனம் தெளியவும் உதவும், பின்னால் புகார் செய்யவும் உதவும். அந்தச் சபையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடமாவது மனம் விட்டுப் பேசுங்கள். சில காலம் அந்த வாசலுக்குப் போகாமல் இருப்பதோ, வேறு கோயிலுக்குப் போவதோ கடவுளை விட்டு ஓடுவது ஆகாது. காலில் அடிபட்டவன் கொஞ்ச நாள் நடக்காமல் இருக்கிறான். அவனை முடவன் என்று யாரும் சொல்வதில்லை. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழ்க்கை வெறுத்தால் மருத்துவரைப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

குடும்பத்தாரே, "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று உங்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் அதே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். அவன் ஏன் வர மறுக்கிறான் என்று ஒரு முறை பொறுமையாகக் கேளுங்கள். நடுவில் குறுக்கிடாமல், பிரசங்கம் செய்யாமல் கேளுங்கள். அதுவே பாதி மருந்து.

கடைசியாக, நம் சங்கத்து இந்து, முஸ்லிம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் தன் சபையைப் பற்றி உங்களிடம் வருத்தப்பட்டால், "உங்கள் மதமே அப்படித்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் தன் வீட்டார் மேல் குறைபட்டுக்கொள்கிறாரே தவிர, வீட்டை இடிக்க உங்களைக் கூப்பிடவில்லை. அப்படிப் பேசினால் அடுத்த முறை உங்களிடமும் வாய் திறக்க மாட்டார். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எல்லாச் சாதியாரும் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த மதத்தாரும் இன்னொருவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு இதில் இடமில்லை. அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். சங்கத்துப் பொங்கல் விழாவுக்குக் கூப்பிடுங்கள். சபை என்ற ஊரை இழந்தவருக்குத் தமிழ் என்ற ஊர் இருக்கிறது என்பதை நாம்தான் காட்ட வேண்டும்.

என் கருத்தில் மாறுபடுபவர்கள் இருக்கலாம். சபையின் மானத்தைச் சந்தியில் கொண்டுவந்து வைத்துவிட்டான் என்று சிலர் கோபப்படலாம். அவர்களுக்கு நான் பணிவோடு சொல்வது இதுதான்: வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்காரும்போது, முன்பு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இப்போது வராமல் போனவர் யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். நாங்கள் என்ன செய்தோம் என்று கேளுங்கள்.